மாட்டுக்கு வைத்த கஷாயம்

மிஷின் ஓடாத நாட்களில்தான் அந்த வேலி பச்சை என்பது தெரியும். மற்ற நாட்களில் அது வெள்ளை வேலி. கல் உடைக்கிற கிரஷருக்கும் லைன் வீடுகளுக்குப் பின்னால் இருந்த மாட்டுக்கொட்டகைகளுக்கும் நடுவே ஓடும் லாரிப் பாதையின் ஓரத்தில், யாரும் நடாமல், யாரும் தண்ணீர் ஊற்றாமல், ஆடாதோடை மண்டிக் கிடந்தது. ஆடு அதைத் தொடாது. மாடு முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். தின்ன ஆளில்லாத செடிக்கு வளர்வதைத் தவிர வேறு என்ன வேலை? ஆள் உயரத்துக்கு வளர்ந்து, லாரி போகும்போதெல்லாம் கல் மாவை வாங்கிப் போர்த்திக்கொண்டு நின்றது.

அந்த வேலியை ஒரு பொருட்டாக மதித்தவள் அங்கே ஒருத்திதான். அவளைத் தழைக்காரி என்பார்கள். கோழிக்குப் பேன் பிடித்துவிட்டது என்று யாராவது வந்து நின்றால், அடைக்கூடையில் வைக்கோலுக்கு அடியில் அந்த இலையைப் பரப்பிவிடச் சொல்வாள். ஆட்டுக்குக் குளம்பிடுக்கில் புண் என்றால் அரைத்து அப்புவாள். ஈ மொய்க்கிற கொட்டகையில் காய்ந்த தழையைப் போட்டுப் புகை மூட்டுவாள். மாடு இருமினால் கஷாயம். இதற்கு மேல் ஏதாவது என்றால், "எனக்குத் தெரியாதுப்பா, டாக்டரம்மாகிட்ட ஓட்டிட்டுப் போ" என்று சொல்லிவிடுவாள். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறவள் என்பதாலேயே அவளுக்கு அங்கே ஒரு மரியாதை இருந்தது.

இலையைப் பறிப்பது பெரிய வேலை இல்லை. அலசுவதுதான் வேலை. அகலமான அலுமினியப் பாத்திரத்தில் போட்டு அலசி, கொட்டி, மறுபடி தண்ணீர் பிடித்து, தண்ணீர் தெளிகிற வரைக்கும் அலச வேண்டும். பாத்திரத்தின் அடியில் சாம்பல் நிறத்தில் வண்டல் தங்கும். விரலால் வழித்தால் நறநறவென்று இருக்கும். காயவிட்டால் கல்லாகவே ஆகிவிடும். பனிக்காலத்தில் இன்னும் மோசம். காலையில் பனி மேலே எழும்பாமல் நிற்கும். தூசியும் அதோடு சேர்ந்து நிற்கும். உலை மூடியில் தூசி, தலையணையில் தூசி, கறந்து வைத்த பாலுக்குத் துணி கட்டினால் அந்தத் துணியில் தூசி.

அவள் புருஷனை நெட்டை என்று கூப்பிடுவார்கள். அவள் அவன் தோளுக்குக்கூட வரமாட்டாள். மருந்து அரைப்பதும் காய்ச்சுவதும் அவள் பாடு, மாட்டுக்கு ஊற்றுவது அவன் பாடு. மாட்டின் மோவாயை அண்ணாந்து தூக்கிப்பிடித்து, கடைவாய் ஓரமாக மூங்கில் குழாயைச் செருகி, புரையேறாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்க்க வேண்டும். அவள் உயரத்துக்கு அது ஆகாத காரியம். கல்யாணமான புதிதில் ஒரு முறை வீம்புக்குச் செய்துபார்த்து, மாடு தலையை உதறியதில் மருந்து முழுக்க அவள் தலையில் கொட்டியது. அன்றிலிருந்து யார் வீட்டு மாட்டுக்கு மருந்து என்றாலும் குழாய் அவன் கையில்தான்.

ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வந்தவன், கை கால் கழுவாமல் நேரே கொட்டகைப் பக்கம் போய்விட்டு வந்து வாசலில் நின்றான்.

"மாடு இருமுது."

"நம்ம மாடா? காலைல கறக்கும்போது நல்லாத்தானே இருந்துச்சு?"

"காலைல நல்லா இருந்தா சாயங்காலம் இருமக்கூடாதுன்னு சட்டமா? இருமுது. கஷாயம் போடு."

"மூக்குல சளி வடியுதா?"

"வடியல."

"தீனி எடுக்குதா?"

"ஏண்டி, நீ என்ன போலீசா? மாடு இருமுதுன்னா ஒரு மருந்தை வெச்சுக் குடுப்பியா, நிக்க வெச்சு விசாரிப்பியா?"

அவள் சிரித்துக்கொண்டே கூடையை எடுத்துக்கொண்டு வேலிக்குப் போனாள். இரண்டு கை நிறைய இலை, ஒரு துண்டு இஞ்சி, கொஞ்சம் மிளகு. மாட்டு அளவு. பெரிய சட்டியில் போட்டு, கால் பங்காகச் சுண்டும்வரை அடுப்பில் வைத்தாள். ஆறியதும் கொட்டகைக்குக் கொண்டுபோனாள். அவன் சட்டியை வாங்கிக்கொண்டான்.

"நீ போய் சோத்தைப் பாரு. நான் ஊத்திக்கிறேன்."

"மாட்டைப் பிடிக்க வேணாமா?"

"இத்தனை வருஷம் நீயா பிடிச்ச? போ."

அதற்கு அப்புறம் அது தினசரி வழக்கமாகிவிட்டது. இரண்டொரு நாளில் கட்டிலையும் தூக்கிக்கொண்டு போய்க் கொட்டகையில் போட்டுக்கொண்டான். பக்கத்தில் ஆள் படுத்தால் மாடு தைரியமாக இருக்குமாம். "மாட்டுக்கு நீங்க காவலா, உங்களுக்கு மாடு காவலா?" என்று அவள் கேலி செய்தாள். கொட்டகைக்கும் அவள் படுக்கிற அறைக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர். விடியற்காலையில் அந்தச் சுவருக்கு அப்பாலிருந்து இருமல் கேட்கும். எதையோ வைத்து அமுக்கினதுபோல, மொத்தையாக. அவள் எழுந்து அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டே, பாவம், வாயில்லா ஜீவன் என்று நினைத்துக்கொள்வாள்.

ஒன்றுதான் அவளுக்குப் பிடிபடவில்லை. இத்தனை நாளாக இருமுகிற மாடு பாலைக் குறைக்கவில்லை. வைத்த தீனியை மிச்சமில்லாமல் தின்றது. மூக்கு ஈரமாக, கண் தெளிவாக, அசைபோட்டுக்கொண்டு ராணி மாதிரி படுத்திருந்தது. ஆனால் மனுஷனுக்குத்தான் சோறு இறங்கவில்லை. கிரஷர் வாசல் டீக்கடையில் எண்ணெய்ப் பண்டம் தின்றேன், வயிறு சரியில்லை என்பான். கன்னம் ஒட்டிப்போயிற்று. மாட்டின் இருமல் நிற்காத கவலையில் இளைக்கிறான் என்று அவள் நினைத்தாள். சிரிப்பாக இருக்கிறது இல்லையா? அவள் அப்படித்தான் நினைத்தாள். கஷாயத்தில் இன்னும் ஒரு கை இலையைக் கூட்டிப் போட்டாள்.

லைன் வீட்டின் அடுத்த அரை அறையில் அவள் ஓரகத்தி இருந்தாள். நெட்டையின் அண்ணன் பெண்டாட்டி. அண்ணனும் இதே கிரஷரில்தான் இருந்தான், மிஷின் வாயில் கல் தள்ளுகிற வேலை. இருமி இருமியே போய்ச்சேர்ந்தான். கடைசி நாட்களில் படுக்க முடியாமல், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியேதான் தூக்கம். அவனைக் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்த அன்றே தழைக்காரி தன் புருஷனை நிறுத்திவைத்து, "இனிமே மிஷின் வாய்ப்பக்கம் நிக்கமாட்டேன்னு சொல்லுங்க" என்று சத்தியம் வாங்கினாள். அவனும் செய்துகொடுத்தான். தண்ணீர் அடிக்கிற வேலைக்கு மாற்றிவிட்டார்கள், தூசி கிளம்பாமல் கல் மேல் குழாயால் தண்ணீர் பீய்ச்சுகிற வேலை, ராஜா வேலை என்று வந்து சொன்னான். அவள் அதை நம்பி நிம்மதியாக இருந்தாள்.

வீடு கிரஷர்காரருடையது. வேலை இருக்கிறவரை வீடு. இருமுகிறவனை அவர்கள் திட்ட மாட்டார்கள், அடிக்க மாட்டார்கள். "உடம்பைப் பார்த்துக்கோப்பா" என்று மேஸ்திரி அனுசரணையாகச் சொல்வார். அதற்குப் பிறகு வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள். மாசக் கடைசிக்குள் அந்த வீட்டுக்கு வேறு ஆள் குடிவந்துவிடுவான். நெட்டை அங்கே வேலையில் இருப்பதால்தான் அவன் அண்ணிக்கும் அந்த அரை அறை. அதனால் அந்த லைனில் யாரும் வெளியே கேட்க இருமமாட்டார்கள்.

அன்று ஓரகத்தி வாசலில் உட்கார்ந்து கிழிந்த சாக்குகளைத் தைத்துக்கொண்டிருந்தாள். அதுதான் அவளுடைய பிழைப்பு. தழைக்காரி பக்கத்தில் பாத்திரத்தை வைத்துக்கொண்டு இலை அலசிக்கொண்டிருந்தாள்.

"மாட்டுக்கு இன்னும் நிக்கலையா?" என்றாள் ஓரகத்தி, சாக்கிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"எங்கக்கா நிக்குது? போட்டுக்கிட்டேதான் இருக்கேன். கேக்கமாட்டேங்குது."

"மாடு எப்படிடி இருமும்?"

"என்னக்கா கேள்வி இது? மாடு மாதிரிதான் இருமும்."

"சொல்லு. நீதானே தழைக்காரி."

"கழுத்தை முன்னால நீட்டும். வாயைத் தொறந்து, நாக்கு வெளிய வர்ற மாதிரி ஒரு தடவை, இல்ல ரெண்டு தடவை. அடிவயித்துலேருந்து வரும். அப்புறம் மூக்கை நக்கிக்கிட்டு நின்னுடும்."

"விட்டு விட்டு வராம, தொடர்ந்தாப்பல வருமா? இருமி இருமி, மூச்சு எடுக்கத் தவிச்சு, கடைசில காறித் துப்புமா?"

தழைக்காரியின் கை தண்ணீருக்குள் நின்றுபோயிற்று.

"மாடு துப்பாதுடி" என்றாள் ஓரகத்தி. "என் கட்டில் ஓரமும் அந்தச் சுவருதான். எனக்கும் காது இருக்கு. நான் இந்த இருமலோட குடும்பம் நடத்தினவ."

"உங்க வாய்ல நல்ல வார்த்தையே வராதாக்கா?" தழைக்காரிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அவரு மிஷின் வாயிலயே இல்ல. தண்ணி அடிக்கிற வேலைல இருக்காரு. உங்களுக்கு வந்தது எல்லாருக்கும் வரணுமா?"

"வரக்கூடாதுன்னுதான் சொல்றேன்."

"ஒண்ணும் சொல்லவேணாம். சாக்கைத் தைங்க."

பாதி அலசிய இலையை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். ஓரகத்தி சாக்கைத் தைத்து முடித்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, மிச்ச இலையை அவளே அலசி, வடியப் போட்டுவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை கறக்கப் போனவள், செம்பைக் கீழே வைத்துவிட்டு மாட்டின் விலாவில் காதை ஒட்டிவைத்தாள். கட்டில் காலியாக இருந்தது; அவன் வேலைக்குக் கிளம்பிப் போயிருந்தான். மாட்டின் மூச்சு காற்றுப் போகிற வருகிற சத்தமாகத்தான் இருந்தது. கரகரப்பு இல்லை, கொரகொரப்பு இல்லை. உள்ளே தீனி புரளுகிற சத்தம் மட்டும் நிம்மதியாகக் கேட்டது. உதட்டைப் பிரித்து நாக்கைப் பார்த்தாள். அந்தக் கஷாயம் குடிக்கிற மாட்டின் வாயில் ஒரு கசப்பு வாடை அடிக்கும். கடைவாயில் பச்சைக் கறை நிற்கும். இந்த மாட்டின் வாயில் வைக்கோல் வாசனைதான் இருந்தது. கொட்டகைக்குப் பின்னால் போய்ப் பார்த்தாள். வேலிக்கு அடியில், வெள்ளைத் தூசி மேலே, யாரோ பச்சையாக வாந்தி எடுத்து மண்ணைத் தள்ளி மூடியிருந்தார்கள்.

எந்தக் கொட்டகையில் எந்த மாடு இருமினாலும் நின்று கேட்டுவிட்டு இன்னது என்று சொல்கிறவள் அவள். ஒற்றைச் சுவருக்கு அந்தப்பக்கம் இருமுவது மாடா மனுஷனா என்று அவளுக்குத் தெரியாமலா போயிற்று? மாடாக இருக்கட்டும் என்று அவள் ஆசைப்பட்டாள். ஆசைப்பட்டதையே அவள் காதும் கேட்டது. அவ்வளவுதான் விஷயம். இதைவிட அவளைச் சுட்டது இன்னொன்று. மாட்டு அளவில் காய்ச்சியதை அல்லவா இத்தனை நாளும் அந்த மனுஷன் குடித்திருக்கிறான்! கேட்கவில்லை கேட்கவில்லை என்று அவளே கை கையாகக் கூட்டிப் போட்டிருக்கிறாள். அந்த இலை அளவுக்கு மிஞ்சினால் குடலைப் புரட்டிவிடும். சோறு இறங்காததும் கன்னம் ஒட்டினதும் தன் கைவேலை என்று தெரிந்ததும் அவளுக்கு அழுகை வந்தது. மாட்டின் முதுகில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுது முடித்தாள். பிறகு பால் கறந்தாள். கறக்காமல் விட்டால் மாடு என்ன செய்யும்?

அன்று சாயங்காலம் நாலே நாலு இலை போட்டு, கொஞ்சம் தேன் விட்டு, சின்னக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு போனாள். அவன் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். கிண்ணத்தைப் பார்த்தான்.

"இவ்வளவுதானா? மாட்டுக்கு எப்படிப் பத்தும்?"

"பத்தும். இதுக்கு மேல போனா வாந்தி வரும்."

"மாடு எங்க வாந்தி எடுக்குது?"

"அதைத்தான் நானும் கேக்குறேன்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். கிண்ணத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அவளும் நின்றாள். மாடு இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அசைபோட ஆரம்பித்தது.

"அண்ணி ஏதாச்சும் சொன்னாங்களா?"

"நாளைக்கு மிஷினுக்கு லீவுதானே? டாக்டரம்மாவை வரச் சொல்லியிருக்கேன்."

"எதுக்கு?"

"மாட்டுக்குத்தான். வேற யாருக்கு?"

மாட்டு டாக்டரம்மா மறுநாள் வெயில் ஏறின பிறகு ஸ்கூட்டரில் வந்தார். மிஷின் ஓடாததால் எல்லாச் சத்தமும் பளிச்சென்று கேட்டது. கொட்டகைக்குள் வந்து, மாட்டின் வாலைத் தூக்கிக் காய்ச்சல் பார்த்தார். கழுத்தைத் தடவினார். நெஞ்சுக்குழாயைக் காதில் மாட்டிக்கொண்டு இரண்டு விலாவிலும் மாற்றி மாற்றி வைத்துக் கேட்டார். நெட்டை கொட்டகை மூலையில், இருமலை அடக்கிக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க நின்றான்.

"நெஞ்சு சுத்தமா இருக்கே" என்றார் டாக்டரம்மா. "எத்தனை நாளா இருமுது?"

"நாள் ஆச்சும்மா" என்றாள் தழைக்காரி.

"பால்?"

"குறையல."

"அப்போ ஒண்ணுமில்ல. நீயே பார்த்துச் சொல்லியிருப்பியே, இதுக்கா என்னைக் கூப்பிட்ட?"

அப்போது அவனால் அடக்க முடியவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பி, துண்டை வாயில் திணித்துக்கொண்டு இருமினான். தோள் குலுங்கியது. நிற்குமா என்று பார்த்தால் நிற்கவில்லை. கடைசியில் மூச்சுக்குத் தவித்து, கொட்டகைக்கு வெளியே ஓடிப்போய்த் துப்பிவிட்டு வந்தான். டாக்டரம்மா தழைக்காரியைப் பார்த்தார். கேட்க வேண்டியது ஒன்றும் இருக்கவில்லை.

"அந்தக் குழாயை இவரு நெஞ்சுல ஒரு தடவை வைங்கம்மா."

"நான் மாட்டுக்குப் பார்க்கிறவ. மனுஷங்களுக்கு நான் பார்க்கக்கூடாது."

"மருந்து எழுதவேணாம். கேட்டுட்டு மட்டும் சொல்லுங்க. ஆஸ்பத்திரிக்கு இவரு வரமாட்டாரு. மாட்டுக்கு வந்த இடத்துல ஒரு நிமிஷம் வெச்சுப் பாருங்க. உங்க காலைப் பிடிச்சுக்கிறேன்."

"ஏய், என்ன பண்ற நீ?" என்று அவன் அதட்டினான். அதட்டலுக்கு நடுவிலேயே இருமல் வந்துவிட்டது.

டாக்டரம்மா கொஞ்ச நேரம் தயங்கினார். பிறகு குழாயின் நுனியைத் தன் முந்தானையில் துடைத்து, அவன் முதுகில் வைத்தார். "மூச்சை இழுங்க. விடுங்க. இன்னும் கொஞ்சம் இழுங்க." இழுக்க முடியவில்லை. பாதியில் அறுந்து அறுந்து நின்றது. இந்தப்பக்கம் வைத்தார், அந்தப்பக்கம் வைத்தார். மாட்டிடம் செலவழித்ததைவிட அதிக நேரம் கேட்டார். குழாயை எடுத்துச் சுருட்டிப் பையில் போட்டுவிட்டுத்தான் பேசினார்.

"நாளைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. படம் எடுத்துப் பார்க்கட்டும். காசநோயும் சேர்ந்திருக்கான்னு பார்க்கணும். அது இருந்தா மருந்து இருக்கு."

"இல்லைன்னா?" என்றாள் அவள்.

"கல் தூசி உள்ள போய் உட்கார்ந்தா வெளிய வராதும்மா. மேற்கொண்டு போகாம பார்த்துக்கலாம். மிஷின் பக்கமே போகக்கூடாது. ஒரு நாள்கூட."

ஸ்கூட்டர் சத்தம் பாதையில் தேய்ந்து மறைந்தது. பிறகு அவன்தான் ஆரம்பித்தான்.

"தண்ணி அடிக்கிற வேலைன்னு ஒண்ணு இல்லடி. கொஞ்ச நாள் இருந்துச்சு. தண்ணி பட்டா ஜல்லி ஒட்டிக்குது, சல்லடைல இறங்கமாட்டேங்குதுன்னு குழாயைக் கழட்டி வெச்சுட்டாங்க. மறுபடி மிஷின் வாய்க்கே போகச் சொல்லிட்டாங்க. உனக்குத் தெரியக்கூடாதுன்னு அங்கயே தூசியைக் கழுவிட்டுத்தான் தினமும் வருவேன்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ நிக்கச் சொல்லுவ. நின்னா வீடு போகும். உன்னை எங்கயாவது கூட்டிட்டுப் போயிடுவேன். அண்ணி எங்க போவாங்க? அவங்களுக்குன்னு யாரு இருக்கா?"

"அதுக்கு மாட்டு மருந்தைத் திருடிக் குடிப்பீங்களா?"

"உன் மருந்துல எத்தனை மாட்டுக்கு நின்னிருக்கு. எனக்கும் நிக்கும்னு நெனச்சேன்."

இதைக் கேட்டதும் அவளுக்கு அவன்மேல் இருந்த கோபம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. அந்த மனுஷன் அவளை அவ்வளவு நம்பியிருக்கிறான். அவளுக்குத்தான் அந்த இலைமேல் அவ்வளவு நம்பிக்கை இல்லை. சளியை இளக்குகிற இலை அது. கல்லை இளக்குமா? அண்ணனுக்கும் அவள்தான் காய்ச்சிக் கொடுத்தாள். கடைசி நாள்வரை கொடுத்தாள்.

"நாளைக்கு ஆஸ்பத்திரி போறோம்" என்றாள்.

"நாளைக்கு லீவு கேட்டா எதுக்குன்னு கேப்பாங்க. கொஞ்ச நாள் போகட்டும். மழைக்கு மிஷினை நிறுத்துவாங்க, அப்போ போகலாம்."

"மழைக்கா? மழை எங்க இருக்கு, நீங்க எங்க இருக்கீங்க?"

"கத்தாத. பக்கத்துல கேக்கும்."

விடிந்ததும் துண்டை மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். அவள் தடுத்தாள். கையைப் பிடித்துப் பார்த்தாள். அவன் நெட்டை, அவள் குட்டை, விலக்கிவிட்டுப் போய்விட்டான். மிஷின் ஓட ஆரம்பித்தது. வேலி மறுபடி வெளுக்கத் தொடங்கியது. வாசல்படியில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். இப்போது அந்தச் சத்தத்துக்கு அடியில் அவன் நிற்கிறான் என்று தெரிந்து கேட்பது வேறு மாதிரி இருந்தது. எழுந்து புடவையை உதறிக் கட்டிக்கொண்டு ஓரகத்தியின் கதவைத் தட்டினாள்.

"அக்கா, ஆபீசுக்குப் போய்ச் சொல்லப்போறேன்."

ஓரகத்தி அவள் முகத்தைப் பார்த்தாள். என்ன சொல்லப்போகிறாய் என்று கேட்கவில்லை.

"உங்களுக்கும் இடம் போயிடும்க்கா. அதான் கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்."

"கேட்டுட்டா போகணும்? போடி" என்றாள் ஓரகத்தி.

ஆபீஸ் என்பது தகரம் போட்ட ஒரு அறை. வாசலில் லாரிக்காரர்கள் இரண்டு மூன்று பேர் லோடுக்குக் காத்துக்கொண்டு டீ குடித்தார்கள். மேஸ்திரி உள்ளே மேஜைமேல் படிந்த தூசியைப் பழைய துணியால் தட்டிக்கொண்டிருந்தார். அவருக்கும் அவளைத் தெரியும். அவர் வீட்டு எருமைக்கு அவள் மருந்து கொடுத்திருக்கிறாள்.

"என்னம்மா இந்தப்பக்கம்?"

"என் வீட்டுக்காரருக்கு இருமல். அவரு அண்ணனுக்கு இருந்த அதே இருமல்."

மேஸ்திரி எழுந்துவந்து கதவோரம் நின்று குரலைத் தாழ்த்தினார்.

"யோசிச்சுத்தான் பேசுறியா? இது என் காதுல விழுந்தா நான் மேல சொல்லியாகணும். சொன்னா என்ன ஆகும்னு உனக்கே தெரியும். நீ வரவும் இல்ல, நான் கேக்கவும் இல்ல. வீட்டுக்குப் போ."

அவர் நல்லதைத்தான் சொன்னார். அந்த லைனில் நல்லது என்பதே அதுதான். அவள் ஒரு அடி பின்னால் வந்து, லாரிக்காரர்களுக்கும் கேட்கிற மாதிரி, மிஷின் சத்தத்துக்கு மேலே குரலை எழுப்பினாள்.

"என் வீட்டுக்காரருக்கு இருமல் மேஸ்திரி! மிஷின் வாயில நிக்கிறாரு! துப்பினா ரத்தம் வருதோ என்னமோ, எனக்குக் காட்டமாட்டேங்குறாரு! அவரை இறக்கி அனுப்புங்க!"

டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மேஸ்திரி கையிலிருந்த துணியை மேஜையில் போட்டுவிட்டு, "சரி, போம்மா" என்றார்.

மத்தியானத்துக்குள் அவன் வந்துவிட்டான். தலையிலிருந்து கால்வரை வெள்ளை. கண் மட்டும் மனுஷக் கண்ணாக இருந்தது. வாசலில் இரண்டு பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள். துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான்.

"யாரு போய்ச் சொன்னது?"

"நான்தான் தம்பி" என்றாள் ஓரகத்தி.

"அக்கா, நீங்க சும்மா இருங்க. நான்தான் சொன்னேன்."

அவன் இருவரையும் பார்த்தான். கத்துவான் என்று அவள் தயாராக இருந்தாள். கத்துவதற்கு அவனுக்கு மூச்சு இல்லை.

"மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணச் சொல்லிட்டாங்க. எங்க போறது? சொல்லுங்க. ரெண்டு பேரும் சேர்ந்து சொல்லுங்க. மாட்டை எங்க கட்டுறது? இவங்களை எங்க உட்கார வைக்கிறது?"

"என்னைப் பத்தி நீ பேசாத தம்பி" என்றாள் ஓரகத்தி. எப்போதும் சாக்கைப் பார்த்துப் பேசுகிறவள், அன்று அவனை நிமிர்ந்து பார்த்துப் பேசினாள். "உங்க அண்ணன் இருமினப்ப நானும் வாயை மூடிக்கிட்டுத்தான் இருந்தேன். வெளிய தெரிஞ்சா வீடு போயிடும்னு அவரு சொன்னாரு, நானும் சரின்னேன். இருமல் சத்தம் வெளிய கேக்கக்கூடாதுன்னு கதவைச் சாத்தி, கதவிடுக்குல துணி வெச்சு அடைச்சேன். வீடு போகல. பாரு, அப்படியேதான் இருக்கு."

அவன் கொட்டகைக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்துவிட்டான். சோற்றுக்குக் கூப்பிட்டதற்கும் வரவில்லை. தழைக்காரி வேலிக்குப் போய், காம்பு கிள்ளி நாலு இலை பறித்தாள். தண்ணீர் தெளிகிற வரை அலசினாள். அன்று அலசுவதற்கு வெகுநேரம் பிடித்தது. அவளுக்குக் கண்ணும் தெளியவில்லை. காய்ச்சி, வடிகட்டி, அவன் டீ குடிக்கிற கண்ணாடி டம்ளரில் ஊற்றி எடுத்துக்கொண்டு போனாள்.

"இந்தாங்க. உங்களுக்கு."

அவன் டம்ளரை வாங்கினான். அவள் போகவில்லை. இத்தனை நாளும் ஒளிந்து குடித்தவன், இன்று அவள் எதிரில் குடிக்க வேண்டியிருந்தது. ஒரு வாய் குடித்தான். முகம் அஷ்டகோணலாகச் சுருங்கியது. இன்னொரு வாய் குடித்துவிட்டு நிறுத்தினான்.

"என்னடி இது, இந்தக் கசப்புக் கசக்குது?"

"மாடு ஒருநாளும் குறை சொல்லலையே" என்றாள் அவள்.

அவன் அவளைப் பார்த்தான். முதலில் உதட்டோரம் லேசாக அசைந்தது. பிறகு சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்துவிட்டது. கல்யாணமான புதிதில் தலையில் கஷாயம் வழிய நின்றவளைப் பார்த்துச் சிரித்தானே, அந்தச் சிரிப்பு. சிரித்துக்கொண்டே இருந்தவனுக்கு அந்தச் சிரிப்பின் நடுவிலேயே இருமல் பிடித்துக்கொண்டது. பழக்கத்தில் துண்டை வாய்க்குக் கொண்டுபோனான். அவள் அந்தத் துண்டைப் பிடுங்கிக் கட்டிலில் போட்டாள்.

"சத்தமா இருமுங்க" என்றாள். "யாருக்குக் கேட்டா என்ன இப்போ?"

அவன் இருமினான். லைன் வீடு முழுக்கக் கேட்கிற மாதிரி, மிஷின் சத்தத்துக்கு நடுவிலும் கேட்கிற மாதிரி இருமினான். மாடு மிரண்டு எழுந்து நின்றது. பக்கத்து வீட்டில் யாரோ கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்கள். இருமல் நிற்கவில்லை. அவள் டம்ளரை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, கட்டில்மேல் ஏறி மண்டியிட்டு, எட்டாத அந்த முதுகை மேலிருந்து கீழாகத் தடவிவிட்டுக்கொண்டே இருந்தாள். தடவத் தடவ உள்ளங்கையில் கல் மாவு வந்துகொண்டே இருந்தது.